அமைச்சர் திறந்துவைத்த வயல்

புஷ்பவதிக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று அரசாங்கம் ஒரு புதன்கிழமை முடிவெடுத்தது. வியாழக்கிழமையே அதற்குப் பயிற்சியும் வைத்துவிட்டது. வயலுக்கு உரம் கேட்டால் அறுவடை முடிந்த பிறகு வருகிற அரசாங்கம், படம் பார்க்கப் பழக்குவதற்கு மட்டும் இப்படிப் பறந்துகொண்டு வந்ததை என்னவென்று சொல்வது.

கிளிவெட்டியிலிருந்து முப்பத்திரண்டு பேரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். மூதூர், கிண்ணியா எல்லாம் கடந்து திருகோணமலைக்குக் கொண்டுவந்து, உள்துறைமுகக் கரையில் இருந்த ஒரு பழைய கிட்டங்கியின் வாசலில் இறக்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கயிறும் தாரும் அடுக்கி வைத்த இடம். இப்போது உள்ளே வெள்ளையடித்து, ஏ.சி. பூட்டி, ‘விடுதலையின் வண்ணங்கள்’ என்று மூன்று மொழியில் பலகை மாட்டியிருந்தது. சகவாழ்வு மற்றும் படைப்பாக்க அலுவல்கள் அமைச்சு நடத்துகிற நவீன ஓவியக் கண்காட்சி. செலவை ஏற்றது, திருகோணமலைத் துறைமுகத்தில் கண் வைத்திருக்கிற நாடுகளில் ஒன்று. எந்த நாடு என்று சொன்னால் மற்ற நாடுகள் கோபிக்கும், விடுங்கள்.

சனிக்கிழமை திறப்பு விழா. அமைச்சர் வருகிறார், அந்த நாட்டுத் தூதுவர் அம்மா வருகிறார், கமெராக்காரர்கள் வருகிறார்கள். ஊர்ச்சனம் நவீன ஓவியத்தைப் பார்த்து மனம் உருகுகிற காட்சி ஒன்று வேண்டும். சனத்தைத் தன்பாட்டில் உருகவிட்டால் அது எந்தப் பக்கம் உருகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பயிற்சி.

புஷ்பவதி உருகுவதற்காக வரவில்லை. வராவிட்டால் மாதாமாதம் வருகிற உதவிக் கொடுப்பனவு வெட்டுப்படும் என்று ஒரு கதை ஊரில் அடிபட்டது, அதற்குப் பயந்தும் வரவில்லை. அவளுடைய கைப்பைக்குள் ஒரு பிளாஸ்ரிக் உறையும், அதற்குள் ஒரு மனுவும், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியும், நில அளவைப் படத்தின் பிரதியும் இருந்தன. சனிக்கிழமை அமைச்சருடைய கையில் அந்த மனுவைத் திணித்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

அவளுடைய அப்பா விட்டுப்போனது ஐந்து ஏக்கர் வயல். மூன்று ஏக்கர் அவளுக்கு, இரண்டு ஏக்கர் தம்பி இராகுலனுக்கு. சண்டை நேரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்து பற்றை வெட்டி, வரம்பு கட்டி, ஆறு மாரிக்கு விளைச்சலும் எடுத்தார்கள். பிறகு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வயல் ஓரம் முழுக்க வெள்ளையடித்த கல்லு. இது ஒதுக்கக் காடு, உள்ளே கால் வைக்கக்கூடாது என்றார்கள். கல்லு நட்ட திணைக்களத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் கல்லுக் கந்தோர் என்றுதான் சொல்வார்கள். ஐந்து வருடமாக புஷ்பவதி றோட்டில் நின்று தன் வயலைப் பார்த்துவிட்டு, அடுத்தவனுடைய வயலுக்குக் களை பிடுங்கப் போகிறாள். அந்த வெட்கமும் வயிற்றெரிச்சலும் ஒருநாள்கூட அவளுக்குப் பழகவில்லை.

பயிற்சி கொடுத்தவள் பஸ்மியா. கிண்ணியாக்காரி, ஓர்ஸ் ஹில்லில் இருந்த கலாசாரக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். முப்பது வயது இருக்கும். மேலிடத்தில் இருந்து வந்த நான்கு பக்கச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நஞ்சு குடிக்கச் சொல்லப்பட்டவளைப் போல நின்றாள்.

ஓவியங்களை சனிக்கிழமைதான் மாட்டுவார்களாம். ஆகவே வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பழக்கினாள்.

“படத்தில இருந்து மூண்டடி தள்ளி நில்லுங்கோ. கையைப் பின்னால கட்டுங்கோ. இடுப்பில கை வைக்க வேண்டாம் அக்கா, சண்டைக்கு நிக்கிற மாதிரித் தெரியும். தலையைக் கொஞ்சம் சரியுங்கோ. ஓம், அப்பிடித்தான். இப்ப ஒரு அடி முன்னுக்கு வந்து, மெதுவா ‘ம்ம்’ எண்டு சொல்லுங்கோ.”

முப்பத்திரண்டு பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்து ‘ம்ம்’ என்றார்கள். மாட்டுத் தொழுவத்துச் சத்தம் போல இருந்தது.

“ஒரு படத்துக்கு ஒண்டரை நிமிசம்,” என்றாள் பஸ்மியா. “அதுக்கு முதல் நகரக்கூடாது. விரல் நீட்டிக் காட்டக்கூடாது. இது என்ன, அது என்ன எண்டு கேக்கக்கூடாது.”

“ஏன் மிஸ், அதில என்ன கிடக்கும்?” என்று கேட்டார் ஒரு கிழவர்.

“ஒண்டும் கிடக்காது ஐயா. அதுதான் நவீன ஓவியம்.”

கிழவர் சுவரை மறுபடியும் நன்றாகப் பார்த்தார். “அப்ப இது நல்ல படம்தான்,” என்றார். பஸ்மியா சுற்றறிக்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததை புஷ்பவதி பார்த்தாள். இந்தப் பிள்ளை பரவாயில்லை என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் அமைச்சரின் இணைப்புச் செயலாளர் வந்து சேர்ந்தார். கொழும்பில் இருந்து இதற்கென்றே இறக்கிய மனிதர். இஸ்திரி கலையாத சட்டை, மூன்று போன். தூதுவர் அம்மாவோடு பேசுவதற்கு நல்ல ஒரு கிராமத்துப் பெண் வேண்டும் என்றார். வரிசையைப் பார்த்துக்கொண்டே போனவர் புஷ்பவதிக்கு முன்னால் நின்றார். வெயிலில் கறுத்த முகம், நரைத்த கொண்டை, ஐம்பத்திமூன்று வயது, விதவை. அவர் மனதில் வரைந்துகொண்டு வந்த படத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தினாள் போலும்.

“இவ சரி,” என்றார். “இவ என்ன சொல்ல வேணுமெண்டு எழுதிக் குடுங்கோ.”

எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வரி. ‘இந்தப் படத்தைப் பார்க்க என்ர மனசுக்கு அமைதியா இருக்கு.’ புஷ்பவதி அதைப் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தாள், வீட்டிலும் சொல்லிப் பார்த்தாள். தம்பி இராகுலன் கேட்டுவிட்டுச் சொன்னான், “அக்கா, நீ இதைச் சொல்லேக்க கடன்காரனைக் கண்ட மாதிரி முழிக்கிறாய்.”

“நீ வந்து சொல்லு பாப்பம்,” என்றாள்.

“எனக்கு எங்க அமைதி. கல்லுக் கந்தோர்காரனைக் கண்டாலே எனக்குக் கை நடுங்குது.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது உண்மை. இராகுலன் நல்ல உழைப்பாளி, வாய்தான் இல்லை. கல்லைக் கண்ட அன்றைக்கு, வயலுக்கு நடுவில் மண்வெட்டியோடு நின்றவனை இரண்டு பேர் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். விழுந்தவன் எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். அதிலிருந்து மனு எழுதுவது, கந்தோர் ஏறுவது, கத்துவது எல்லாம் புஷ்பவதிதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு என்ற விழா பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. வாசலில் கட்டியிருந்த தோரணத்தை அதற்குள் திருகோணமலைத் தெருக்களில் மாடு போலத் திரிகிற மான்கள் வந்து பாதி தின்றுவிட்டன. அமைச்சர் வந்தார், தூதுவர் அம்மா வந்தா, குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரி கொளுத்தினார்கள். அமைச்சர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் சொல்வதைப் பஸ்மியா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“சர்வாதிகார நாடுகளில் கலைஞனுக்கு இதைக் கீறு, அதைக் கீறு என்று உத்தரவு போடுவார்கள். எங்கள் நாட்டில் அப்படி இல்லை. இங்கே கலைஞன் தன் மனம் போல வரைகிறான். இந்த நவீன ஓவியங்கள்தான் எங்கள் சுதந்திரத்துக்குச் சாட்சி.”

கைதட்டினார்கள். மேடையோரம் நின்ற ஓவியன், ஓர்ஸ் ஹில் டிலான், தட்டவில்லை. நடுச் சுவரில் சிவப்புத் திரைக்குப் பின்னால் இருந்த பெரிய ஓவியம் அவனுடையது. பதினெட்டு அடி நீளம். அவன் மனம் போல வரைந்த விதத்தை புஷ்பவதி பிற்பாடு அவன் வாயாலேயே கேட்டாள். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அமைச்சருடைய பேச்சு உங்களுக்கும் உண்மை போல இருந்துவிடும்.

முதலில் நெற்கதிர் ஏந்திய பெண் ஒருத்தியை வரைந்து கொடுத்தானாம். சேலை எந்த இனத்துக் கட்டு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு கை குலுக்குவது போல வரைந்தான். எந்தக் கை மேலே இருக்கிறது என்று கேட்டார்கள். புறா வரைந்தான். அது போன அரசாங்கத்துப் புறா என்றார்கள். படகு வரைந்தால், சனம் நாட்டைவிட்டு ஓடுவதைக் காட்டுகிறாயா என்றார்கள். கடைசியில் அலுத்துப்போய் ஒரு மானை வரைந்தான். மான் ஏன் வடக்குப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் இணைப்புச் செயலாளர் வழி கண்டுபிடித்தார். உருவமே வேண்டாம், உருவம் இருந்தால்தானே வில்லங்கம், மொடேர்ன் ஆர்ட்டாகச் செய்யுங்கள், தூதரகத்துக்கும் அதுதான் விருப்பம் என்றார். மனதுக்கு உணர்ச்சி வரட்டும் என்று மேலே இருந்து ஆகாயத்தில் எடுத்த பழைய போட்டோ ஒன்றையும் பைல் கோவைக்குள் வைத்துக் கொடுத்தார். வெறுத்துப்போயிருந்த டிலான் உணர்ச்சி ஒன்றுக்கும் காத்திருக்கவில்லை. போட்டோவில் இருந்த கட்டங்களையும் கோடுகளையும் அப்படியே பெருப்பித்து நிறத்தை அடித்துவிட்டான்.

திரை விலகியது. பஸ்மியா கையைக் காட்டினாள். முப்பத்திரண்டு பேரும் மூன்றடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டி, தலையைச் சரித்தார்கள். கமெராக்கள் மின்னின.

புஷ்பவதியும் தலையைச் சரித்தாள். மஞ்சளும் மண்ணிறமுமாகக் கட்டம் கட்டமாக என்னவோ கிடந்தது. அமைதியா இருக்கு, அமைதியா இருக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எப்போது மனுவை எடுக்கலாம் என்று அமைச்சருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிடம் ஆக வேண்டும். சும்மா நிற்கிற நேரத்துக்குப் படத்தையும் பார்த்தாள்.

ஒரு வெள்ளைக் கோடு மேலே இருந்து நேராக வந்து, ஓரிடத்தில் முழங்காலை மடித்த மாதிரி வளைந்து, பிறகு நேராகப் போனது. அந்த வளைவுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. வாய்க்கால் அப்படி வளைவதற்கு ஒரு நியாயமும் கிடையாது, நடுவில் ஒரு புற்று இருந்தாலொழிய. புற்றை வெட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு மனிதன் இருந்தாலொழிய. அவளுடைய அப்பா அப்படித்தான் அடம்பிடித்தார். பாம்பும் ஒரு குடும்பம்தானே என்று சொல்லி வாய்க்காலைத்தான் வளைத்தார்.

புஷ்பவதி ஒரு அடி முன்னுக்குப் போனாள். வாய்க்காலுக்குக் கீழே, ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு மஞ்சள் கட்டம். ஐந்து வருடமாகப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராகக் காட்டித் திரிகிற நில அளவைப் படத்தில் அவளுடைய மூன்று ஏக்கர் அதே உருவத்தில்தான் இருக்கிறது. கையின் முடிவில் ஒரு கறுப்புப் பொட்டு. அது கிணறு. அவளும் கணவனும் வெட்டிய கிணறு. விளைந்த வயலைப் பதினெட்டு அடிப் படத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நாசமாய்ப் போவார், உள்ளே கால் வைக்க விடாதவர்கள் அதுக்கு விளக்கேற்றுகிறார்கள்.

கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அவளால் அடக்க முடியவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு தன் வயலை விளைந்தபடி பார்க்கிறாள், அழாமல் என்ன செய்வாள்.

இணைப்புச் செயலாளருக்குச் சொர்க்கம் திறந்த மாதிரி இருந்தது. கமெராக்காரர்களைக் கையால் விரட்டி விரட்டிக் கூட்டிவந்தார். நவீன ஓவியத்தைப் பார்த்து அழுகிற விவசாயப் பெண். சுற்றறிக்கையில்கூட அவர் இவ்வளவுக்கு ஆசைப்படவில்லை. தூதுவர் அம்மா புஷ்பவதியின் தோளில் கை வைத்து, இங்கிலிசில் என்னவோ கேட்டா.

“உங்களுக்கு இந்தப் படத்தில என்ன தெரியுது எண்டு கேக்கிறா,” என்றாள் பஸ்மியா.

புஷ்பவதி படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தாள். தமிழிலும் எழுதியிருந்தது. ‘மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்ட காணிகள்.’ இரண்டு தரம் வாசித்தாள். அப்படியென்றால் கொழும்பில் எங்கோ ஒரு கோவையில் இந்தக் காணியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வெளிநாட்டுக்காரருக்கும் கொடுத்தாயிற்று என்று காட்டியாயிற்று. கொடுக்கப்பட்டவளுக்கு மட்டும்தான் தெரியாது.

கத்தியிருப்பாள். கைப்பையிலிருந்து உறையை எடுத்து அமைச்சருடைய மூஞ்சியில் வீசியும் இருப்பாள். ஆனால் ஐந்து வருடம் கத்திப் பார்த்தவள் அவள். கத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், இரண்டு பேர் வந்து கதவைக் காட்டுவார்கள். நன்றி சொல்கிறவளுக்குக் கதவைக் காட்ட எவனால் முடியும்.

பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். விரலை நீட்டி அந்த மஞ்சள் கட்டத்தில் வைத்தாள்.

“இது என்ர வயல்,” என்றாள். “இது வாய்க்கால். இது நாங்கள் வெட்டின கிணறு. என்னட்ட உறுதியும் கிடக்கு. திருப்பித் தந்திட்டம் எண்டு இஞ்ச எழுதிக் கிடக்கு. அமைச்சர் ஐயாவுக்கும், தூதுவர் அம்மாவுக்கும் பெரிய நன்றி. திங்கக்கிழமை நான் உழவு மெசின் இறக்கப் போறன்.”

இணைப்புச் செயலாளருக்குத் தமிழ் விளங்கும். பேயறைந்தவர் போல ஆகிவிட்டார். பஸ்மியாவைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பஸ்மியா அவரைப் பார்த்தாள். அடுத்த மாதம் அவளுடைய வேலையை நிரந்தரமாக்குகிற கடிதம் வரவேண்டியிருந்தது, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவர் இந்த மனிதருக்கு நண்பர். அவள் தூதுவர் அம்மாவின் பக்கம் திரும்பினாள். பிறகு, ஒரு சொல்லையும் விடாமல், உழவு மெசின் வரைக்கும் இங்கிலிசில் சொன்னாள்.

தூதுவர் அம்மாவின் கண்ணும் கலங்கியது. புஷ்பவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அமைச்சரைப் பார்த்து என்னவோ சொன்னா. அமைச்சர் எத்தனை தேர்தல் கண்டவர், எந்தக் கைதட்டலையும் விடுகிற ஆள் இல்லை. நெஞ்சில் கை வைத்து, ஆம் அம்மா, உங்கள் காணியை எங்கள் அரசாங்கம் உங்களுக்கே தந்துவிட்டது என்று ஒலிவாங்கியில் சொன்னார். மூன்று பேரும் படத்துக்கு முன்னால் நின்றார்கள். புஷ்பவதி விரலை எடுக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அது வந்தது, நிறத்தில், முன்பக்கத்தில். பஸ்மியா நல்ல தெளிவான போட்டோவைப் போனுக்கும் அனுப்பியிருந்தாள். இராகுலன் மூதூருக்குச் சைக்கிளில் போய், அதைப் பெரிதாக அடித்து, மழை பட்டாலும் நனையாமல் இருக்க லமினேற் செய்துகொண்டு வந்தான். அவன் அப்படிச் சிரித்து புஷ்பவதி பார்த்து வருடக்கணக்கு.

“திங்கக்கிழமை முதல் சால் உன்ர வயலில அக்கா,” என்றான். “மத்தியானம் என்ர வயலுக்குள்ள இறக்குவம்.”

திங்கட்கிழமை உழவு மெசின் கல்லைத் தாண்டி இறங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை, கல்லுக் கந்தோர்காரர் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். மூத்தவர் இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். இராகுலன் மெசினுக்குப் பின்னால் போய்விட்டான். புஷ்பவதி கத்தவில்லை. பிளாஸ்கில் இருந்து இரண்டு பேருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு லமினேற் செய்த போட்டோவை நீட்டினாள்.

“இவர் ஆர் எண்டு தெரியுமோ?”

மூத்தவர் பார்த்தார். அமைச்சரைத் தெரிந்தது. பக்கத்தில் வெள்ளைக்காரியையும், இந்தப் பெண்ணையும், படத்தையும், படத்தில் நீட்டியிருந்த விரலையும் பார்த்தார். பிளேன்ரீயைக் கீழே வைத்தார்.

“அம்மா, இது ஏதோ மொடேர்ன் ஆர்ட். இதுக்கு அர்த்தம் ஒண்டும் கிடையாது.”

“அமைச்சர் மைக்கில சொன்னவர் ஐயா. அவருக்கு அர்த்தம் தெரியாது எண்டு நீங்கள் எழுதித் தாறீங்களோ?”

மூத்தவர் எழுதித் தரவில்லை. போனை எடுத்துக்கொண்டு மருதமரத்தடிக்குப் போனார். அவர் தன் பெரியவருக்கு எடுக்க, அந்தப் பெரியவர் இன்னும் பெரியவருக்கு எடுக்க, அது கொழும்பு வரைக்கும் ஏறியது. அமைச்சர் தூதுவருக்கு முன்னால் சொன்னது பொய் என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்க மேலே ஒருவரும் விரும்பவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து மூத்தவர் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சரி. படத்தில உள்ள காணியை விடட்டாம்.”

புஷ்பவதி வரம்பில் அப்படியே குந்திவிட்டாள். ஐந்து வருடம். உறுதியைக் காட்டி முடியாதது, மனுவால் முடியாதது, ஒரு பெயின்ற் வாளியால் முடிந்திருக்கிறது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இராகுலனைத் திரும்பிப் பார்த்து, “இறக்கடா மெசினை உன்ர பக்கமும்,” என்றாள்.

“இருங்கோ, இருங்கோ,” என்றார் மூத்தவர். “படத்தில உள்ளது மட்டும்.”

போட்டோவை வெயிலில் பிடித்து, வயலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பொக்கற்றிலிருந்து ஒரு அடிமட்டத்தை எடுத்து வைத்தும் பார்த்தார். வாய்க்கால் இருந்தது, புற்று இருந்தது, கிணறு இருந்தது. புஷ்பவதியின் மூன்று ஏக்கர் முழுதாக இருந்தது. அதற்கு வலது பக்கத்து வரம்போடு படத்தின் பிரேம் வந்துவிட்டது. இராகுலனுடைய இரண்டு ஏக்கர் பிரேமுக்கு வெளியே, வெள்ளைச் சுவரில் இருந்தது.

“இவற்ற காணி படத்தில இல்லையே,” என்றார்.

“அது ரெண்டும் ஒரே காணி ஐயா. அப்பாவின்ர காணி. நடுவில இந்த ஒரு வரம்புதானே.”

“நான் என்ன செய்ய அம்மா. மேல இருந்து சொன்னதைத்தான் நான் செய்யலாம்.”

அவர்கள் வேலை அன்றைக்கு வெகு சுறுசுறுப்பு. இரண்டு கூலியாட்களைக் கூப்பிட்டு, புஷ்பவதியின் பக்கத்துக் கல்லுகளைக் கிண்டி எடுத்தார்கள். எடுத்த கல்லுகளை வீணாக்கவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த வரம்பில் வரிசையாக நட்டார்கள், பிரேம் முடிகிற கோட்டில், நூல் பிடித்து. இராகுலன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் போட்டோவை லமினேற் செய்துகொண்டு வந்தவனே அவன்தான். காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தன் வயலுக்குள் கால் வைக்காமல் சுற்றி நடந்து, றோட்டில் ஏறி நின்றான்.

வென்ற சந்தோசம் புஷ்பவதிக்கு அந்த இடத்திலேயே கசந்துபோனது. தன் மூன்று ஏக்கரையும் உழுதுவிட்டுத் தம்பியின் முகத்தை எப்படிப் பார்ப்பது. மெசின்காரனை நிற்பாட்டச் சொன்னாள். அடுத்த நாள் காலையில் இராகுலனைக் கையில் பிடித்து இழுக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றினாள்.

ஓர்ஸ் ஹில்லில் டிலானுடைய வீட்டைப் பஸ்மியாதான் காட்டிவிட்டாள். மாதா சுரூபம் வைத்த முன்விறாந்தையைத் தாண்டி, குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டில். அங்கேதான் அவன் படம் கீறுவது. பதினெட்டு அடிப் படமும் அங்கேதான் நின்றது. திருகோணமலைக் காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருந்தது; அடுத்த மாதம் கொழும்பில் காட்டப்போவதால், மேலே வார்னிஷ் பூசித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டிலான் கதை முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு வாளியின் மேல் இருந்துவிட்டான்.

“அவை தந்த ஆகாயப் போட்டோவில உங்கட தம்பியின்ர வயலும் இருக்கு அம்மா,” என்றான். “நான்தான் வெட்டினனான். இருபது அடிதான் முதல் கணக்கு. அந்தச் சுவரில வலது பக்கம் மெயின் சுவிச் பெட்டி இருக்கு. அதுக்கு இடம் விட வேணும், ரெண்டடி குறையுங்கோ எண்டு சொன்னவை.”

இராகுலனுடைய இரண்டு ஏக்கரை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை, எந்த வரைபடமும் எடுக்கவில்லை. கிட்டங்கிச் சுவரில் இருந்த கரண்ட் பெட்டி எடுத்திருக்கிறது.

“அந்தப் போட்டோவைத் தாங்கோ, கொண்டுபோய்க் காட்டுறன்,” என்றாள் புஷ்பவதி.

“நான் தாறன். ஆனா அவங்கள் கேப்பாங்களோ?”

பஸ்மியா அங்கேயே நின்று கல்லுக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு வைத்தாள். “ஆகாயப் போட்டோவில அமைச்சர் நிக்கேல்லையாம். படத்துக்குத்தானே அவர் விளக்கேத்தினவர், படத்தில இருக்க வேணுமாம்.”

புஷ்பவதி எழும்பிப் படத்தின் வலது ஓரத்துக்குப் போனாள். பிரேமைத் தொட்டாள். பிரேமுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றில் கையை இரண்டடிக்கு அகட்டிக் காட்டினாள்.

“தம்பி, கொழும்புச் சுவரில கரண்ட் பெட்டி இருக்கோ?”

டிலான் அவளைப் பார்த்தான். பஸ்மியாவைப் பார்த்தான்.

“கொழும்புச் சுவர் முப்பத்தஞ்சு அடி,” என்றாள் பஸ்மியா. “அமைச்சர்தான் அங்கயும் திறக்கிறவர். அண்டைக்கும் இந்த அக்காவைத்தான் கூப்பிடச் சொல்லிக் கிடக்கு. அழுதது நல்லா இருந்ததாம்.” குரலைத் தாழ்த்தினாள். “படம் ரெண்டடி கூடினாப்போல அவருக்கு என்ன தெரியப்போகுது.”

டிலானுக்குச் சிரிப்பு வந்தது. அமைச்சு ஏழெட்டு மாதமாக அவனை அலைக்கழித்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. பிரேமின் வலது பக்கத்து ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினான். மூலையில் கிடந்த துணிச் சுருளை எடுத்து இரண்டடி வெட்டி, நிலத்தில் விரித்தான். கோவையில் இருந்த போட்டோவைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கோடு கீறத் தொடங்கினான். புஷ்பவதி குனிந்து நின்று, வரம்பு இன்னும் கொஞ்சம் சாய்வு, தண்ணி திறக்கிற துருசு இதிலே இல்லை, அதிலே என்று சொல்லிச் சொல்லிக் கீறுவித்தாள். பயிற்சியில் விரல் நீட்ட வேண்டாம் என்று சொன்ன பஸ்மியாவும் விரலை நீட்டிக்கொண்டுதான் நின்றாள்.

கோடு முடிந்தது. டிலான் நிறக் குழாய்களைப் பரப்பிவிட்டுப் போட்டோவைத் தூக்கிப் பார்த்தான்.

“உங்கட வயல் விளைஞ்சு மஞ்சளா இருக்கு அம்மா. இவற்ற வயல் இன்னும் பச்சையா நிக்குது.”

“இவன் எப்பவும் பிந்தித்தான் விதைப்பான்,” என்றாள் புஷ்பவதி.

டிலான் பச்சைக் குழாயின் மூடியைத் திருகினான். முந்தினநாள் வரம்பில் கல்லு நட்டதிலிருந்து வாய் திறக்காமல், கொட்டில் வாசலிலேயே நின்ற இராகுலன் உள்ளே வந்தான். வந்து குனிந்து, டிலானுடைய கையைப் பிடித்தான்.

“பச்சை வேண்டாம் தம்பி. பச்சையைக் கண்டா, காடு எண்டு சொல்லிப்போடுவாங்கள்.”